துண்டு போட்ட சீட்டு

எங்கள் தெருவில் ஒரு ஆம்பளையைக் காணோம் என்றால் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெங்களூரில் இருப்பார். காரிமங்கலத்தைச் சுற்றி எந்த ஊரில் விசாரித்தாலும் இதே கதைதான். மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் பெங்களூர். சென்ட்ரிங், பெயின்ட், டைல்ஸ், வாட்ச்மேன் என்று ஆளுக்கொரு வேலை. பெங்களூரின் இந்தப் பக்கத்தில் வேலை இருப்பவர்கள் வாரம் ஒருமுறை வருவார்கள், மற்றவர்கள் பொங்கலுக்கு வருவார்கள். "அப்பா எங்கடா?" என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும், வாயிலிருக்கும் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு "பெங்களூர்ல" என்று சொல்லும்.

அதனால் என் கணவர் இறந்தபோது எங்களுக்குப் பொய் தேடி அலைய வேண்டிய வேலை இருக்கவில்லை. பொய் தெருவிலேயே கிடந்தது.

அவர் டைல்ஸ் ஒட்டுபவர். கட்டி முடிக்காத ஒரு அபார்ட்மெண்டில், கைப்பிடிச் சுவர் வைக்காத பால்கனியிலிருந்து விழுந்துவிட்டார். உடலோடு ஆம்புலன்ஸ் ஊருக்கு வந்து சேர்வதற்குள் எதிர் வீட்டு அக்கா என் மகளைப் பாலக்கோட்டில் இருக்கும் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். அப்போது மகள் யு.கே.ஜி. சின்னப் பிள்ளைகள் பிணத்தைப் பார்த்தால் பயந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எல்லாம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வீட்டைக் கழுவிவிட்ட பிறகுதான் அவளைக் கூட்டி வந்தார்கள். வந்ததும் கேட்டாள், "அப்பா வர்லியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து அக்காதான் சொன்னாள்: "அப்பா பெங்களூர்ல இருக்காரு கண்ணு. பெரிய வேலை. பொங்கலுக்குத்தான் வருவாரு."

நான் தலையாட்டினேன்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் பொட்டு வைக்கவில்லை என்று கேட்டாள், அரிக்கிறது என்றேன். அப்பா ஏன் போன் செய்யவில்லை என்று ஒருநாள் அழுதாள். என் கொழுந்தனாரால் தாங்க முடியவில்லை. அவருக்கும் என் கணவருக்கும் ஒரே குரல். போனில் நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். எழுந்து வெளியே போனவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று என் போனுக்கு அடித்தார். நான் எடுத்து மகளிடம் கொடுத்தேன்.

"என்னா கண்ணு, சாப்ட்டியா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு "சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். கொழுந்தனார் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். குழந்தை நம்பிவிட்டது என்று எங்களுக்கு நிம்மதி. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் இது நடந்தது. ஒருமுறை வீடியோ காலில் வரச் சொன்னாள். அங்கே டவர் இல்லை என்று சொன்னேன். எங்கள் மலையடியிலேயே டவர் இருக்கிறது, பெங்களூரில் டவர் இல்லையாம்! அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குள் பஸ் ஓடத் தொடங்கியது.

இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகளை எல்லாம் வரிசையாகப் போடுவாள். கவிழ்த்த குண்டான் டிரைவர் சீட்டு, பொம்மைக் கரடி டிரைவர். அவள்தான் கண்டக்டர். நான் ஒரு செராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். வீணாய்ப்போன தாள்களைப் படம் வரையக் கொண்டுவந்து தருவேன். அவற்றைக் கிழித்து டிக்கெட் ஆக்கிவிட்டாள். எதிர் வீட்டு அக்காவின் பெண்கள் இரண்டு பேரும் பயணிகள். "காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர்" என்று வரிசை தப்பாமல் கத்துவாள். எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியதும் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கன்னடத்துக்கு மாறி, முன்னால் போகச் சொல்லுவாள். ஒரே ஒருமுறை அவள் அப்பா எங்களைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனார். அந்த ஒரு பயணத்தில் இவ்வளவையும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். "லேடீஸ் ஃப்ரீ இல்லீங்களா?" என்று அக்காவின் பெரியவள் கேட்டால், "அது டவுன் பஸ்ஸுங்க, இது பெங்களூர் வண்டி" என்று கறாராகப் பதில் வரும்.

டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டு மட்டும் காலியாக இருக்கும். அதன்மேல் அவள் அப்பாவின் துண்டு கிடக்கும். பண்டிகைக் கூட்டத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே அதோடு ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பதில் அவர் கில்லாடி. துண்டு கிடக்கிற சீட்டில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தால் சண்டைதான். அவருடைய துணிமணிகளைக் காரியத்தோடு கொடுத்துவிட்டோம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்தத் துண்டு மட்டும் எப்படியோ தப்பிவிட்டது.

எனக்கு அந்த விளையாட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் எந்த ஊரை மறக்கப் பார்க்கிறேனோ அந்த ஊருக்குத் தினமும் சாயங்காலம் என் வீட்டிலிருந்தே வண்டி புறப்பட்டால் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்திலும் புகார். "எப்பப் பாரு பஸ்ஸு, விசிலு. எழுத மாட்டேங்குறா, வூட்ல கண்டிங்க" என்றார் டீச்சர். அன்று கடையிலும் திட்டு வாங்கியிருந்தேன். வந்த வேகத்தில் முன் நாற்காலியைக் காலால் எட்டித் தள்ளினேன். "போதும்டி உன் பஸ்ஸு!"

அவள் அழவில்லை. கவிழ்ந்த நாற்காலியைப் பார்த்தாள், பயணிகளைப் பார்த்தாள். "வண்டி பிரேக்டவுனுங்க. எல்லாரும் எறங்கி வேற வண்டி புடிங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனதற்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். சிரிப்பு முடிவதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தடுக்கவில்லை. காய்கறி நறுக்கிக்கொண்டே கவனிக்க ஆரம்பித்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாத குழந்தை அந்த வண்டிக்குள் வாய் ஓயாமல் பேசியது. பயணிகளை அதட்டியது, தூங்குபவர்களை எழுப்பியது, யாரையும் வழியில் விட்டுவிடாமல் எண்ணிப் பார்த்தது. ஒருநாள் அக்காவின் சின்னவள் நாற்காலிமேல் ஏறி நின்றாள். "மேல ஏறாதீங்க, வுழுந்தா அவ்ளோதான்!" என்று என் மகள் அலறினாள். எனக்குக் கை நின்றுவிட்டது. எல்லாக் கண்டக்டரும் சொல்வதுதானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடியும் நறுக்கினேன்.

பொங்கல் நெருங்கியது. தெருவில் தினமும் ஒரு ஆள் பையோடு வந்து இறங்கினார். வெள்ளையடிக்கிற வாசனை வந்ததும் நான் ஜன்னலைச் சாத்தினேன். பொங்கலுக்கு வருவார் என்று தலையாட்டியவள் நான்தானே. கொழுந்தனாரும் நானும் கூடிப் பேசி, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம். அதற்கப்புறம்? சித்திரைக்கு என்பதா, ஆடிக்கு என்பதா? எங்களுக்கே தெரியவில்லை.

அன்று கடையிலிருந்து சீக்கிரமாகக் கிளம்பினேன். "லீவு கெடைக்கலியாம் கண்ணு" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிர் வீட்டு வாசலில் அக்காவின் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து வந்து பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குள் வழக்கம்போல வண்டி நின்றிருந்தது. ஆனால் ஜன்னலோர சீட்டில் துண்டு இல்லை. அங்கே அக்காவின் சின்னவள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். துண்டு மடித்து அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "எந்திரிடி! அது அப்பா சீட்டு!" என்று கத்தினேன். அந்த விளையாட்டை எட்டி உதைத்த நானேதான் அப்படிக் கத்தினேன். சின்னவள் மிரண்டுபோய் எழுந்தாள்.

என் மகள் கையில் டிக்கெட்டுகளோடு என் முன்னால் வந்து நின்றாள். அது கண்டக்டரின் முகம்.

"ஏங்க, வண்டிக்குள்ள சத்தம் போடாதீங்க. வண்டி கெளம்பியும் ஆளு வர்லீன்னா துண்டை எடுத்தரணுங்க. நிக்கறவங்க உக்காரட்டும்."

"வருவாரு..." என்றேன். லீவு கிடைக்காத கதை எங்கே போனதென்றே தெரியவில்லை.

"வரமாட்டாருங்க. அவரு மாடியிலேர்ந்து வுழுந்துட்டாருங்க."

அக்காவின் பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆம்புலன்ஸ் வந்த அன்று அவள் இங்கேதான் இருந்தாள் என்பது அப்போதுதான் என் மூளைக்கு எட்டியது.

"அப்ப, போன்ல பேசுறது?"

"அது எங்க சித்தப்பாங்க. அவங்க வெளையாடறாங்க. நானும் கூட வெளையாடறேன்."

கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கிட்டே வந்து ஒரு தாளைக் கிழித்து என் கையில் வைத்தாள். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, மற்ற பயணிகளுக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தாள்.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. பாவம், அது அழுவும்."

நான் டிக்கெட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"சொல்ல மாட்டேங்க" என்றேன்.

அவள் விசில் ஊதினாள்.