சுவரில் இருந்த பாட்டில்

போன வாரம் மகளின் புது வீட்டுக்கு டைல்ஸ் பார்க்கப் போனோம். கடை முழுக்கச் சாம்பல் நிறம். திராட்சைக் குலை போட்டது இருக்கிறதா என்று கேட்டேன். கடைப்பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். எனக்கோ என் மாமியார் ஞாபகம் வந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தொண்ணூறுகளில் கோவையில் வீடு கட்டியவர்கள் யாரும் சுவரைச் சும்மா விடவில்லை. குளியலறையில் மீன், வாசலில் முருகன், சமையலறையில் காய்கறி. எங்கள் அப்பா ஆர்.எஸ்.புரம் கடைக்குப் போய்த் தானே தேர்ந்தெடுத்து வந்த டைல்ஸைச் சாப்பாட்டு அறையில், கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினார்கள். நான்கு டைல்ஸ் சேர்ந்தால் ஒரு படம்: பழக்கூடை, திராட்சைக் குலை, கழுத்து நீண்ட ஒரு பாட்டில், இரண்டு கண்ணாடிக் கோப்பைகள். டீயைத் தவிர எதையும் தொட்டறியாத மனிதருக்கு அது பழரசமாகத்தான் தெரிந்தது. எங்களுக்கும் அப்படித்தான்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில்தான் சித்தப்பா அதைக் கவனித்தார். "ஏனுங்கண்ணா, ஒயின் பாட்டலையா செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறீங்க?" அப்பாவின் முகம் செத்துவிட்டது. வரப்போகிற தாராபுரத்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் குடி என்றாலே ஆகாது. முன்பு ஒரு பெண்ணின் அப்பா குடிப்பார் என்று தெரிந்து அந்தச் சம்பந்தத்தையே விட்டவர்கள். எனக்கோ போட்டோவைப் பார்த்தபோதே மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. டைல்ஸில் ஆணி இறங்குமா? அப்பா மேலே இருந்த ட்யூப்லைட் பட்டையில் கயிறு கட்டி, பாட்டிலும் கோப்பையும் மறைகிற மாதிரி தினசரிக் காலண்டரைத் தொங்கவிட்டார்.

வந்தார்கள், கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "இங்க வா கண்ணு" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பிடித்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வளர்பிறையில நாள் இருக்குதான்னு இப்பவே பாத்துப்போடலாமுங்க" என்று எழுந்துபோய்க் காலண்டரைக் கழற்றினார். நாள் பார்க்கக் காலண்டரைத்தான் எடுப்பார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அவர் காலண்டரைக் கையில் பிடித்தபடி பாட்டிலையே பார்த்தார். "அது... ஜூஸுங்க" என்றார் அப்பா. எனக்கு அழுகை முட்டியது.

அவர் திரும்பி அப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"குடிக்கறவீங்க பாட்டலத்தான் ஒளிச்சு வெப்பாங்க. படத்த ஒளிச்சு வெக்கறவர இப்பத்தானுங்க சம்பந்தி பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று ஆவணி மாதத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.