டாங்கியின் அடிவயிறு

ஆறாம் வகுப்பு படித்த வருஷத்தில், எங்கள் வீட்டில் என் சந்தேகத்துக்கு ஆளாகாதவர் யாருமே இல்லை. காரணம் சித்தப்பாவுக்கு வந்த பார்சல்கள்.

சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. இருவரும் பால்பல் விழும் வயதிலேயே தறியில் உட்கார்ந்தவர்கள். அப்பா அதைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. சித்தப்பா மட்டும் ஒருநாள் எழுந்துபோய், செவிலிமேடு பக்கம் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் சேர்ந்தார். லாரியின் நெற்றியில் பெயர் எழுதுவது, பின்பக்கம் கழுகு வரைவது, நம்பர் போடுவது எல்லாம் அவர் கை. அப்படி இருந்தவர் திடீரென்று பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டு, மாடியில் நூல் போட்டுவைக்கும் சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். பெங்களூரிலிருந்து கூரியரில் பார்சல் வந்தது. அறைக்குள்ளிருந்து தின்னர் வாடை வந்தது. சித்தப்பா மட்டும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்தான் வந்தார்.

தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் ஆரம்பித்தாள். "இன்னா அண்ணி, உங்க கொழுந்தன் ரூமுக்குள்ளயே இருந்துக்கினு இருக்கறாரு? எங்க அம்மா வூட்டுத் தெருவுல ஒரு பையன் இப்படித்தான் தின்னர மோந்து மோந்தே மூள கொழம்பிப் போனான்."

"அவன் மூக்கு, அவன் மோந்துக்கினு போறான். உன் கொடம் ரொம்பி ஊத்துது பாரு" என்றாள் அம்மா.

அவளிடம் அப்படிச் சொன்னாளே தவிர, அன்று மாலையே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குப்பையில் கிடந்த பார்சல் அட்டையைக் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கிலீஷ் எழுத்து எதுவானாலும், மின்சார அட்டை முதல் மாத்திரைச் சீட்டு வரை, என் கைக்குத்தான் வரும். அந்தப் பெருமையோடு எழுத்துக் கூட்டிப் படித்து, "ஜாக்கிரதை, உள்ள இருக்கறது உடையும்" என்று அர்த்தமும் சொன்னேன். அம்மாவின் முகம் இருண்டுவிட்டது.

"உடையும்னா? பாட்டிலா?"

அதைத் தெரிந்துகொண்டு வரும் பொறுப்பும் எனக்கே வந்தது. போய்க் கதவைத் தட்டினேன். சித்தப்பா கொஞ்சம் திறந்து, வேறு யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே விட்டார். "வெளிய போயி ஊதின, தொலைச்சிடுவேன்" என்றார்.

பலகைமேல் தீப்பெட்டி அளவில் பீரங்கி வண்டிகள் வரிசையாக நின்றன. ராணுவ டாங்கிகள். ஒவ்வொன்றுக்கும் சக்கரம், சங்கிலி, மூடி, குழல் எல்லாம் இருந்தன. பெங்களூரில் சில பெரிய மனிதர்கள் மேஜைமேல் மணல்மேடும் பொம்மை மரமும் பரப்பி, இவற்றை நிறுத்தி, தாயக்கட்டை போல ஒன்றை உருட்டிச் சண்டை விளையாடுவார்களாம். விளையாடத் தெரியும், பெயிண்ட் அடிக்கத் தெரியாது. அதில் ஒருவர், பட்டறையில் சித்தப்பா எழுதிய எழுத்தைப் பார்த்துவிட்டு இந்த வேலையைக் கொடுத்திருந்தார். போனில் வீடியோ பார்த்து மற்றதைச் சித்தப்பாவே கற்றுக்கொண்டார். ஒரு வண்டியின் பக்கவாட்டில், அரிசி அகலத்துக்குள், அவர் நம்பர் எழுதியதை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

கீழே போய் ஊதிவிட்டேன். வேவு பார்க்க அனுப்பியவர்களிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். அம்மாவுக்கு உயிர் வந்தது. அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. சாப்பிடும்போது சித்தப்பாவைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? இந்தத் தடவ அனுப்பு. அந்தாளு நல்லா இருக்குதுன்னா நான் ஒண்ணும் சொல்லல. வேணாம்னு திருப்பினா, தை பொறந்ததும் அந்தத் தறியில வந்து உக்காரு."

அந்தத் தறி என்பது அப்பாவின் தறிக்குப் பக்கத்தில், பழைய வேட்டி போர்த்தி, ஆளில்லாமல் கிடந்த சித்தப்பாவின் தறி. சித்தப்பா சரியென்று தலையாட்டினார். அதன்பிறகு அவர் கீழே வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்ததை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்த்தபோது டாங்கிகள் முடிந்திருந்தன. மணல் நிறம், அதன்மேல் பச்சைத் திட்டு, எல்லாவற்றின்மேலும் கண்ணாடி போல ஒரு வார்னிஷ். கல்யாணப் புடவை மாதிரி மின்னின. பிறகு பரீட்சை வந்துவிட்டது. நான் மாடிப்பக்கம் போகவில்லை.

பரீட்சை முடிந்த மறுநாள் சித்தப்பா காலையிலேயே சென்னைக்குக் கிளம்பிவிட்டார். கடைசியாக ஒரு ஸ்ப்ரே அடிக்க வேண்டும், அது இங்கே கிடைக்காது, சாயங்காலம் வந்து அடித்துவிட்டால் நாளைக்குக் கூரியர் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சாவி வைக்கும் இடம் எனக்குத் தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமென்று போய்த் திறந்தேன்.

டாங்கிகள் எல்லாம் பாழாகியிருந்தன. மின்னிய உடம்பில் கறுப்புக் கறுப்பாக எண்ணெய் வழிந்திருந்தது. ஓரங்களில் துருப்பிடித்த நிறம். சங்கிலியில் சேறு. சித்தப்பா எழுதிய நம்பர்மேல் புழுதி.

என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. பூனையாக இருந்தால் வண்டிகள் கவிழ்ந்திருக்கும், வரிசை கலைந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்கா மாடி ஏறினால் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. இந்த வேலை கெட்டுப்போனால் யாருக்கு லாபம்? யாருடைய தறிக்குப் பக்கத்தில் ஒரு தறி ஆளுக்காகக் காத்திருக்கிறது?

நேராக அப்பாவின் தறிக்குப் போனேன். "சித்தப்பா வண்டிய யாரோ கறையாக்கிட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கறையா? எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். யாருக்கு இது புடிக்கலையோ அவங்கதான் பண்ணியிருக்கணும்."

அப்பா அந்தக் குத்தலைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தறிக்குழியிலிருந்து காலை எடுத்து, மாடிக்குப் போய், வண்டிகளைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், "கடையில பஞ்சு வாங்கினு வா. ஓடு" என்றார். என்னை அங்கிருந்து அப்புறப்படுத்துகிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஓடிப்போய் வாங்கிவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

நான் மொட்டைமாடிப் பக்கத்து ஜன்னலுக்குப் போனேன். அப்பாவின் காலடியில், புடவையில் எண்ணெய்க் கறை பட்டால் துடைக்கத் தறிச்சுவர் மாடத்தில் எப்போதும் இருக்கும் ஒயிட் பெட்ரோல் பாட்டில் இருந்தது. அவர் ஒரு டாங்கியை எடுத்தார். கவிழ்த்தார். அதன் அடிவயிற்றில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பஞ்சால் எதையோ செய்தார். பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சநேரம் சும்மா இருந்தார். பிறகு நிமிர்த்தித் துடைக்க ஆரம்பித்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் முதலில் கவிழ்த்தார். எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. குற்றம் செய்தவர், மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் தடயத்தை அழிக்கிறார். அடியில் ஏதோ ரகசிய வேலையும் செய்கிறார்.

அன்று அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை. தறிச்சத்தம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சாவு விழுந்தால்தான் அப்படி நடக்கும்.

சாயங்காலம் சித்தப்பா ஸ்ப்ரே டப்பாவோடு வந்தார். அறையைத் திறந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். டாங்கிகள் நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்தது போலவே மின்னின.

"யாரு தொடச்சது?"

இதற்காகத்தான் நான் பின்னாலேயே நின்றேன். "அப்பாதான். கறையாக்கினதும் அப்பாதான்."

"அழுக்காக்கினது நான்டி" என்றார் சித்தப்பா. "சண்டைக்குப் போன வண்டி, ஷோரூம் வண்டியாட்டம் இருக்குமா? சேறு, துரு, புகை எல்லாம் வரணும். ஒரு வாரம் பூரா உக்காந்து பண்ணேன். மேல ஸ்ப்ரே அடிச்சா ஒட்டிக்கும்னுதான் மெட்ராஸே போனேன்."

அப்பா வாசற்படியில் வந்து நின்றிருந்தார். கையில் இன்னும் பஞ்சு. நெய்து கொடுத்த புடவையில் கறை இருக்கிறதென்று முதலாளி விரித்துக் காட்டும்போது ஒரு மாதிரி நிற்பார், அதே மாதிரி நின்றார்.

"கறையோட அனுப்பினா எவன்பா வாங்குவான்?" என்றார். "அதான்."

சித்தப்பா கத்தப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஆவலோடு காத்திருந்தேன். அவர் ஒரு டாங்கியை எடுத்து நம்பரைப் பார்த்தார். ஒரு கோடுகூட அழியவில்லை. பச்சை, மணல் நிறத்தில் கலக்கவில்லை. பிறகு அதைக் கவிழ்த்தார். அடியில் நகம் அகலத்துக்குத் துடைத்த தடம் இருந்தது. அடுத்ததைக் கவிழ்த்தார். அதிலும். இன்னொன்றை. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"எல்லாத்துலயும் அடியில பாத்துட்டுத்தான் மேல கை வெச்சியாண்ணா?"

"பின்ன?" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேசினார்கள். விளக்கு வைத்தபின் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டாங்கிகளை மறுபடி அழுக்காக்கினார்கள். அப்பாவுக்கு அது வரவேயில்லை. கறுப்பைத் தொட்டு வைப்பார், உடனே விரல் அதைத் துடைக்கப் போகும். "உடுண்ணா, உடு, ஓடட்டும்" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று மட்டும் சுத்தமாகவே பெட்டிக்குள் போனது. ஏன் அது மட்டும் புதிதாக இருக்கிறதென்று பெங்களூர்க்காரர் போனில் கேட்டபோது, அது இப்போதுதான் பட்டாளத்தில் சேர்ந்த வண்டி என்று சித்தப்பா சமாளித்தார். அடுத்த பார்சல் வந்தது. தை பிறந்தது. தறிமேல் போர்த்திய வேட்டி அப்படியே இருந்தது.

எனக்கு மட்டும் நெடுநாள் ஆறவில்லை. துடைத்தது அப்பாதான் என்று நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். என்னை யாரும் பாராட்டவில்லை. குற்றவாளிக்கு அன்று கூடுதலாக ஒரு கரண்டி ரசம் கிடைத்தது.

போன வருஷம் கல்லூரி விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டிப்போய், காபியைக் கொட்டிக்கொண்டு வந்தேன். அப்பா புடவையை மடியில் போட்டுக்கொண்டார். கறைப் பக்கம் போகவில்லை. இடுப்பில் செருகி மறைந்துபோகும் ஓரத்தைத் தேடி எடுத்து, அங்கே ஈரப்பஞ்சை ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சில் சாயம் ஒட்டுகிறதா என்று கொஞ்சநேரம் காத்திருந்தார்.

ஒரு புடவைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். டாங்கிகளிலும் ஒரே பெயிண்ட்தான், ஒன்றில் பார்த்திருந்தால் போதும். அன்று அவர் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் நின்ற நான், திருட்டுத்தனம் செய்கிறவருக்கு ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.