நான் எழுதிக் கொடுக்காத வரி

என் வாப்பா ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று கேட்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். அதனால் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வேன்.

வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் தாராவிக்கு வந்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லையாம். தோல் பட்டறையில் எடுபிடி, பிறகு பை தைக்கும் காரகானாவில் வேலை, பிறகு சொந்தக் காரகானா, பிறகு வெளிநாட்டுக்குப் பை அனுப்பும் கம்பெனி. அம்பர்நாத்துக்கு அப்பால் தொழிற்சாலைக்கென்று வாங்கிய நிலத்துக்கு அனுமதி கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். ‘தோலுக்குத்தானே வேண்டாங்கான், படிப்புக்கு வேண்டாம்பானா?’ என்று அதே இடத்தில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். அது கல்லூரியாகி, ஒன்று பலவாகி, கடைசியில் பல்கலைக்கழகமாயிற்று. இவ்வளவும் பத்திரிகைகளில் வந்ததுதான்.

வராதது ஒன்று உண்டு. வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. தமிழை எழுத்துக் கூட்டுவார். இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடுவார். இதை எழுத எனக்குப் பயமில்லை. பெயர் எதுவும் போடவில்லை. அவரைச் சுற்றி இருக்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு வாசித்துக் காட்டுகிறவளோ நான்தான்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினேன். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் சேர பாரம் வாங்கி, நிரப்பியும் வைத்திருந்தேன். வெளிநாட்டுப் பார்ட்டிகளின் கடிதங்கள் வரத் தொடங்கியது அந்த நேரத்தில்தான். வெளியாளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால் முதலாளிக்குப் படிக்கத் தெரியாது என்பது காரகானா முழுக்கப் பரவிவிடும். ‘ஒரு வருஷம் எனக்கு வாசிச்சுக் குடுளா. அடுத்த வருஷம் காலேஜுக்குப் போலாம்,’ என்றார் வாப்பா. தலையாட்டினேன். வாப்பாவுக்கு நான் இல்லாமல் ஆகாது என்பதில் அந்த வயதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை.

எங்கள் ஊர் வழக்கத்தில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். மற்ற பெண்களுக்கு அது பெரிய சலுகை. எனக்குக் கல்யாணம் ஆனபோதோ, வாப்பாவின் மேசையை விட்டு நகர இருந்த ஒரே வழியும் அதனால் அடைபட்டது. தாராவியிலிருந்து மாஹிம், மாஹிமிலிருந்து செம்பூர் என்று வீடு மாறியது. வாசிக்கிறவள் மாறவில்லை. கடிதங்கள் போய் கமிட்டி அறிக்கைகள் வந்தன. அப்புறம் பேச்சுகள். ஒவ்வொரு பட்டமளிப்பு விழாப் பேச்சும் நான் எழுதியது. செம்பூரில் கார் கிளம்பியதும் வாசிக்க ஆரம்பிப்பேன். பல்கலைக்கழகம் போய்ச் சேர்வதற்குள் வாப்பாவுக்கு மனப்பாடம் ஆகிவிடும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பது உட்பட. மேடையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்ப்பார். பார்வை நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி பேச்சுக்காக வாங்கியது.

பெண்கள் படிக்க வேண்டும் என்று பேசினால்தான் கைதட்டல் அதிகம். ‘வீட்டில் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துகிறவன் அந்த வீட்டின் ஒரு ஜன்னலை அடைக்கிறான்’ என்று ஒரு முறை எழுதியிருந்தேன். கொஞ்சம் வேண்டுமென்றேதான் எழுதினேன். ‘நல்லாருக்குளா,’ என்றார். என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

கேட்காமல் இல்லை. பல முறை கேட்டிருக்கிறேன். ‘பிரசிடெண்ட் மவ பத்தாங்கிளாஸுன்னு தெரிஞ்சா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பானுவ. பொறுளா,’ என்பார். யாருக்கும் தெரியாமல் தபாலில் படித்திருக்கலாமே என்பீர்கள். திருட்டுத்தனமாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. போகப்போக, படிப்பைவிட, ‘போ, படி’ என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லிக் கேட்பதுதான் பெரிய ஆசையாகிவிட்டது. ஐம்பதை நெருங்குகிறவளுக்கு இது பைத்தியக்காரத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வருஷம் பல்கலைக்கழகம் செம்பூரிலேயே பெண்களுக்கு மாலை நேர வகுப்பு தொடங்குகிறது. பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு. வயது வரம்பு கிடையாது. அந்த அறிவிப்பையும் நான்தான் வாப்பாவுக்கு வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு, ‘நான் சேரட்டா வாப்பா?’ என்று கேட்டேன்.

இந்தத் தடவை ‘பொறு’ என்று சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ரொம்ப வெசனப்படுத போலிருக்கே. அந்த விழா முடியட்டும்,’ என்றார். இன்னொரு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரவிருந்தது. அந்த விழாவைத்தான் சொன்னார்.

அதற்கான பேச்சை வாசித்துக் காட்டும்போது கடைசிப் பகுதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

‘இங்க ஒன்னப் பத்தி ஒரு விஷயம் நானே சொல்லப்போறேன். நீ எழுதாண்டாம்.’

‘என்ன வாப்பா அது?’

‘அங்க வந்து கேளு.’ வாய் கொள்ளாத சிரிப்பு.

நான் வேறென்ன நினைப்பேன்? விழா அன்று பீரோவில் இருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டினேன். ‘பெருநாளாளா இன்னைக்கி?’ என்று உம்மா கிண்டல் செய்தார்.

சிவப்பு அங்கி அவருக்கு அழகாக இருந்தது. என் வரிகளை ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார், தாளை மடித்தார், தன்னுடைய பம்பாய் இந்தியில் பேசத் தொடங்கினார். அவர் சொன்னது இது: ‘என் மகள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவள் கல்லூரிக்குப் போகவில்லை. எத்தனையோ தடவை போகச் சொன்னேன். படிப்பில் அவளுக்கு ஆசையே இருந்ததில்லை. வாப்பாவோடு இருந்தால் போதும் என்று இருந்துவிட்டாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மகள் யாருக்குக் கிடைப்பாள்?’

அரங்கமே கைதட்டியது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். கேமரா என் பக்கம் திரும்ப, பெரிய திரையில் என் முகம் தெரிந்தது. எழுந்து நின்று சலாம் சொன்னேன்.

அவர் பொய் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அவர் குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனப்பாடம் செய்த பேச்சில் வாப்பா ஒரு நாளும் அழுததில்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார். நான் கேட்டுக் கேட்டுப் பொறுத்திருந்த அத்தனை வருஷமும் அவர் நினைவில் என் பாசமாக மட்டும் பதிந்திருந்தது. என் நெஞ்சு உடைந்தது அங்கேதான்.

திரும்பி வரும்போது காரில், ‘எப்டிளா இருந்துச்சு?’ என்று கேட்டார். ‘ஒரு மாசமா யோசிச்சு வச்சிருந்தேன். படிக்கலங்கிற வெசனம்தானே ஒனக்கு? எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். இனிமே ஒருத்தன் ஒன்னய ஏன் படிக்கலன்னு கேக்க மாட்டான். சரியாத்தானே சொன்னேன்?’

பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவராகவே யோசித்து, யாரும் எழுதிக் கொடுக்காமல் பேசிய முதல் பேச்சு அது.

‘சரியாத்தான் சொன்னீங்க வாப்பா,’ என்றேன்.

மாலை வகுப்பில் சேர இன்னும் சில நாள்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இப்போது போய்ச் சேர்ந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் என் வாப்பா வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் சொந்த வார்த்தையில் பேசியதை, ஊரறியப் பொய்யாக்கிவிட்டுத்தான் நான் அந்த வகுப்பில் போய் உட்கார முடியும். அது என்னால் முடியாது.