அம்மா வழி கேட்ட ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் நண்பர்களுக்கும், அம்மாவின் ஒரே மகனாக இதை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதச் சொன்னவர்கள் உண்டு. அம்மாவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர என்னிடம் வேறில்லை. மற்றதெல்லாம் என்னைப் பற்றியது.

அம்மா மலேசியாவின் சிரம்பானுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். பெற்றோர் இருவரும் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் ராசா என்ற ஊருக்கு வந்தது. பதினெட்டு வயதில் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்த அம்மா, ஐம்பது வயது வரை அங்கே ஷிஃப்ட் வேலை பார்த்தார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காலமானார். அதன்பிறகுதான் அம்மா கார் ஓட்டக் கற்றார். இரண்டு முறை தேர்வில் தோற்று, மூன்றாம் முறை லைசன் எடுத்தார். வேலைக்கும் ஆலயத்துக்கும் காய்கறி வாங்கப் பாசாருக்கும் ஒரு பழைய வெள்ளி நிறச் செடான் கார்தான். ரஹாங்கில் இருக்கும் சின்னம்மாவுக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, சிறுநீரகம் பழுதானபின் வாரம் மூன்று நாள் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனதும் அதே காரில்தான்.

அந்தக் காரைத்தான் நான் ஆட்டோகிராஸுக்கு எடுத்துப் போனேன். ரேஸ் என்றதும் முகம் சுளித்தவர்கள் நம் சொந்தத்தில் உண்டு, அதனால் சொல்லிவிடுகிறேன். காலியான கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்து வளைந்து வளைந்து போகும் பாதை ஒன்றை அமைப்பார்கள். ஒவ்வொரு காராக ஓட வேண்டும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. வழி தவறினால் அந்த ஓட்டம் செல்லாது. அதனால் முன்கூட்டியே பாதையை நடந்து பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நான் முதன்முதலில் ஓடிய அன்று அம்மா வேடிக்கை பார்க்க வந்தார். மூன்று கோன்களைச் சாய்த்துவிட்டு இறங்கினேன்.

"என் காடிய இப்படியா ஓட்டுவ? கொண்டா சாவிய," என்றார்.

அடுத்த முறை தம் பெயரைக் கொடுத்தார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. காலை ஆராதனையை முடித்துவிட்டு நேராக வருவார். பின்சீட்டிலிருந்து சின்னம்மாவின் தலையணை, குடை, பாசார் கூடை எல்லாவற்றையும் எடுத்துக் கீழே அடுக்கிவைத்துவிட்டு இரவல் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். மற்றவர்கள் பாதையை இரண்டு முறை நடப்பார்கள். அம்மா நான்கு முறை நடப்பார், ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் பிடித்திருப்பதுபோல் கையைத் திருப்பிக்கொண்டே. வேகத்தில் அவர் நடுத்தரம்தான். ஆனால் நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட வழி தவறவில்லை. ஒருநாள் என்னை அரை வினாடியில் தோற்கடித்தார். வழியெல்லாம் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "அரை செகண்டு லா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிறகு ஒரு போட்டியில் இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் போனார். வெயிலில் கண் கூசியது என்றார். நானும் நம்பினேன்.

அதற்கடுத்த போட்டியில், பாதி தூரம் போன கார் கோன்களுக்கு நடுவே ஒரு வட்டம் அடித்தது. மறுபடியும் ஒரு வட்டம். பிறகு நின்றுவிட்டது. சிவப்புக் கொடி உயர்ந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"என்னம்மா பண்றீங்க? நாலு தடவ நடந்தீங்களே, எங்க வச்சீங்க கவனத்த? எல்லாரும் பாக்குறாங்க லா!"

அம்மாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "எந்தப் பக்கம்யா போகணும்?"

அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, காரை நானே வெளியே எடுத்தேன். போட்டியை நடத்திய சீன நண்பர் என்னைத் தனியே அழைத்து, அம்மாவை டாக்டரிடம் காட்டச் சொன்னார். அசதி, வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் அம்மாவைப் போட்டிக்கு அழைத்துப் போகவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர் சாவியை எடுத்தபோது தடுக்கவும் இல்லை. தடுத்திருந்தால் சின்னம்மாவை அழைத்துப் போக நான் வாரம் மூன்று நாள் விடுப்பு எடுக்க வேண்டும். காலியான கார் நிறுத்துமிடத்தில் ஓட்ட வேண்டாம் என்று நிறுத்திய அம்மாவை, லாரிகள் ஓடும் சாலையில் ஓட்ட விட்டேன். ஏழு மாதங்கள்.

ஒருநாள் காலை இருவரும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. என் கைப்பேசி வேலையிடத்து லாக்கரில் இருந்தது. சின்னம்மா பதினொரு முறை அழைத்திருந்தார். நான் பார்த்தபோது மதியம் ஆகிவிட்டது. தோட்டத்து மண்சாலையில் வழி தெரியாமல் அம்மா காரை நிறுத்திவிட, சின்னம்மாவுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிவந்த மலாய்க்காரர் ஒருவர் தம் லாரியை ஓரங்கட்டிவிட்டு, எங்கள் காரைத் தாமே ஓட்டி இருவரையும் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்.

சின்னம்மா ஐந்து நாள் வார்டில் கிடந்தார். பேச முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "ரெண்டு மாசமா நாந்தான் தம்பி பக்கத்துல ஒக்காந்து லெஃப்ட்டு, ரைட்டுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா கையப் புடிச்சி கெஞ்சுனாங்க. நீ காடிய வாங்கிடுவேன்னு பயம். அன்னிக்கி நான் அசந்துட்டேன். முழிச்சிப் பாத்தா ரெண்டு பக்கமும் செம்பனை. எங்க போற அக்கான்னு கேட்டா, 'வீட்டுக்குத்தான், அம்மா தேடுவாங்க'ங்கறாங்க."

அம்மா பிறந்த அந்த லயம் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

மறதி நோய் என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தாலும் குணப்படுத்தியிருக்க முடியாது, ஆனால் அம்மாவுக்கே எடுத்துச் சொல்லி அவரை ஆயத்தப்படுத்தியிருக்கலாம் என்றார். அந்த வாய்ப்பை நான் அவருக்குத் தரவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன். அதன்பின் பல மாதங்கள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "தங்கச்சிக்கு நேரமாச்சு, சாவி குடுய்யா," என்று கேட்பார். போன வருடம் நிமோனியா கண்டு, ஒரு காலை வேளையில், சின்னம்மா கையைப் பிடித்திருக்க, வீட்டிலேயே அமைதியாகக் கண்மூடினார்.

அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஒருநாளும் குரல் உயர்த்தாத என் மனைவிக்கு நன்றி. முறை வைத்து வந்து அம்மாவுடன் பாடி ஜெபித்த சபைப் பெண்களுக்கும், நான் சொல்ல விரும்பாததை முதலில் சொன்ன அந்த நண்பருக்கும் நன்றி. பெயர்கூடச் சொல்லாமல் போன லாரி ஓட்டுநரை இன்னும் தேடுகிறேன். சின்னம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. இப்போது அவரை நான்தான் அழைத்துப் போகிறேன்.

கடைசியாக ஒன்று. அம்மா மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், அவர் கட்டிலருகே மண்டியிட்டு, "அன்னிக்கி அத்தன பேர் முன்னால ஒங்கள சத்தம் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்கம்மா," என்று அழுதேன். அம்மா என் முகத்தை நன்றாகப் பார்த்தார். போர்வை நுனியால் என் கன்னத்தைத் துடைத்தார்.

"அழாதீங்க தம்பி. எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? ஒங்கம்மாகிட்ட போய்க் கேளுங்க. அம்மாதான, மன்னிச்சிடுவாங்க."