ஸ்பெஷலிஸ்ட் ஸ்டாப்

தென்னூரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பேட்ரிசியா பி.டி.எஸ். மட்டும் படித்தவர். ஆனாலும் வாசல் போர்டில் ‘ரூட் கேனல் ஸ்பெஷலிஸ்ட்’ என்று எழுதியிருந்தார். மலைக்கோட்டை உச்சியில் நின்று கண்ணாடி போடாமலே படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து. மினி பஸ் கண்டக்டர் பீமராவ் அந்த நிறுத்தத்துக்கே ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

மேற்படிப்பு முடிக்காதவர் அப்படிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பல் மருத்துவ கவுன்சிலிலிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னொரு புகார் வந்தால் தொழில் செய்யவே தடை வருமாம். பேட்ரிசியா அன்றைக்கே அந்தச் சொல்லை அழித்தார். பஸ்ஸில் மட்டும் அது அழியவில்லை. ஒருநாள் காலை அவரே பஸ் ஏறினார்.

“அண்ணே, இனிமே அப்படிக் கூவாதீங்க. என் பொழப்பே போயிடும்.”

“என் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் பண்ணினது நீங்கதானே? அப்ப ஸ்பெஷலிஸ்ட் இல்லையா?”

“பண்ணினேன், நல்லாத்தான் பண்ணினேன். ஆனா அதுக்குன்னு தனியா இருக்கிற படிப்பைப் படிக்கலைங்க.”

“சரிங்க டாக்டரம்மா, உள்ளதையே சொல்லிடறேன்.”

நிறுத்தம் வந்தது. பீமராவ் படியில் தொங்கியபடி கத்தினார்: “ஸ்பெஷலிஸ்ட் இல்லாத டாக்டரம்மா ஸ்டாப், இறங்குங்க!”

அதற்கு யாரும் புகார் எழுத முடியாது. பேட்ரிசியா தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால், கன்னத்தைப் பிடித்தபடி பாதி பஸ் இறங்கியது.