“இது என்ட வீடு இல்ல”

போன வைகாசியில் தனியாக மட்டக்களப்புக்குப் போயிருந்தேன். பழைய கோட்டை, கூத்து, அம்மன் கோயில் சடங்கு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு திருச்சியிலிருந்து கிளம்பியிருந்தேன். தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்குச் சந்தேகம்தான் நல்ல துணை என்பது என் கொள்கை. ஆட்டோக்காரர் சிரித்தாலும் சந்தேகப்படுவேன், சிரிக்காவிட்டாலும் சந்தேகப்படுவேன்.

காலையில் கோட்டையைச் சுற்றிவிட்டு, மத்தியானம் வாவிக்கரையில் நான் தங்க வேண்டிய வீட்டைத் தேடிப் போனேன். அந்த வீட்டு அக்காவிடம் போனில் பேசி ஓர் அறை சொல்லி வைத்திருந்தேன். ஆனால் கேட்டைத் திறந்தது கைலி கட்டிய, சவரம் செய்யாத ஓர் ஆள்.

“வாங்க தங்கச்சி. அவ கோயிலுக்குப் போயிற்றா, இப்ப வந்திருவா.”

உள்ளே வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, இது உங்கள் வீடுதானே என்று சும்மா கேட்டு வைத்தேன்.

“இது என்ட வீடு இல்ல தங்கச்சி. எனக்கு எங்க வீடு இருக்கு? வெல்லாவெளியில இருந்ததும் என்ட கூடப்பிறந்த தங்கச்சிக்குப் போயிற்று.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்குள் நிற்கிறார், வீடு தன்னுடையது இல்லை என்கிறார், ஊரும் வேறு ஊராம்! உடனே அக்காவின் எண்ணுக்கு அடித்தேன். மணி அந்த வீட்டுக்குள்ளேயே ஒலித்தது. போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றார். என் அறைச் சாவியைக் கேட்டால் அதுவும் அவளுக்குத்தான் தெரியுமாம். அந்த அக்காவை இந்த ஆள் என்ன செய்தானோ என்று வாசலைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

“இரிங்க, இளநி வெட்டித் தாறன்” என்று பின்பக்கம் போனவர், திரும்பி வரும்போது கையில் நீளமான கத்தி வைத்திருந்தார். மற்றக் கையில் இளநீர் இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

கோயிலில் சடங்குக்கு நெல்லுக் குத்திவிட்டு ஏழெட்டுப் பெண்கள் தலையெல்லாம் தவிடாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை மறித்து, அந்த வீட்டில் கள்ளன் புகுந்திருக்கிறான், கத்தி வைத்திருக்கிறான், வீடு தன்னுடையது இல்லை என்று அவனே சொல்கிறான் என்று மூச்சிரைக்கக் கொட்டினேன்.

ஒரு பெண் முன்னால் வந்தாள். குரல் போனில் கேட்ட அதே குரல்.

“பயப்புடாதீங்க கிளி, அது என்ட புருஷன். இஞ்ச வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். எனக்கு அம்மா தந்த வீடு, நாளைக்கு என்ட மகளுக்குப் போகும். அவர் கலியாணம் முடிச்சு வந்தவர்.”

மற்றப் பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “உன்ட கள்ளனக் கவனமாப் பூட்டி வைகா!” என்று ஒருத்தி கத்தினாள். கேட்டருகே இளநீரோடு நின்ற அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வாடிப்போயிருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

“கேட்டதுக்கு உள்ளதத்தானே சொன்னன்” என்றார், என்னிடம் அல்ல, மனைவியிடம்.

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு இளநீரை நீட்டினார். மறுநாள் கூத்துப் பழகும் இடத்துக்கு அவரே என்னைக் கூட்டிப்போய், எல்லோருக்கும் நடுவில் உட்கார வைத்தார். அங்கே என்னென்ன பார்த்தேன் என்று யாராவது கேட்டால் விலாவாரியாகச் சொல்வேன். ஆனால் அந்தப் பயணத்தை நினைத்தால் முதலில் வருவது அந்தக் கேட் வாசல்தான்.

எங்கள் பக்கத்தில் மனைவி வீட்டில் இருக்கும் ஆண், ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்ற பெயருக்குப் பயந்து அதை வெளியே சொல்லவே மாட்டார். இந்த மனிதரோ முன்பின் தெரியாத என்னிடம் கேட்டவுடனே உண்மையைச் சொன்னார். “ஓம், என்ட வீடுதான்” என்று ஒரேயொரு பொய் சொல்லியிருந்தால், நான் கொஞ்சமும் சந்தேகப்படாமல் அவர் பின்னால் உள்ளே போயிருப்பேன்.