பதினான்கு மாதம் நின்ற பிழை

குழுவில் எல்லோருக்கும் அவள் பூச்சியக்கா. பகலில் கண்ணாடிக் கடையில் ரசீது போடுவாள். மற்ற நேரமெல்லாம், திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்கு உரக்கப் படித்துக்காட்டும் ஒரு மென்பொருளை உருவாக்கும் அந்தக் குழுவுக்கு. அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். நிரல் எழுத அவளுக்கு வராது. 'இது தப்பாகப் படிக்கிறது' என்று யாராவது மெயில் போட்டால், வாசித்து, நிரல் தெரிந்தவர்களிடம் தள்ளிவிடுவாள். மென்பொருள் பிழையை அவர்கள் 'பூச்சி' என்பார்கள்; அதனால்தான் அந்தப் பெயர்.

மெயில் அறுநூறைத் தாண்டியது. எந்தப் பிழை தீர்ந்தது, எது நிற்கிறது என்று எல்லோரும் பார்க்கும்படி பதிவுக் கருவி ஒன்று வேண்டும் என்றார்கள். கைக்கு எட்டியவை இரண்டு. தேர்ந்தெடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது.

முதல் கருவியில் பழைய மெயில்களைச் சோதனைக்கு ஏற்றினாள். பதில் போகாதவற்றை அது மேலே தூக்கி நிறுத்தியது. முதல் வரியில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர்.

"டாக்டர் அனுப்பிய சீட்டில் 2.5 என்பதை இருபத்தைந்து என்று படிக்கிறது. மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. எல்லாச் சீட்டிலும் இப்படியா? தனியாக இருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்."

வந்து பதினான்கு மாதம். 'அப்புறம்' என்ற கோப்புறையில் போட்டது அவளேதான். அதன்பின் அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

காதில் ஹெட்போனை மாட்டிச் சோதித்தாள். சாதாரண வரியில் புள்ளியைச் சரியாகப் படித்தது. கட்டம் போட்ட சீட்டில், தெளிவான குரலில், "இருபத்தைந்து" என்றது. மெயிலை ஒதுக்கிய நாளில் அப்படி என்ன தலைபோகிற வேலை என்று யோசித்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

காலையில் கணவனிடம் சொன்னாள்.

"மெயில் போடலன்னா செத்தா போயிட்டாரு? உங்கண்ணன்கூடத்தான் ரெண்டு வருஷமா எனக்கு போன் பண்ணல. நல்லா குண்டாத்தான் இருக்காரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டாமல் எழுந்துபோனான்.

கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துத் தாடி போனில் கூப்பிட்டான். குழுவில் நிரல் எழுதுகிற பையன்களில் அவன்தான் சுறுசுறுப்பு.

"அக்கா, ரெண்டாவதையே எடுத்துடுங்க. பழைய மெயில் எல்லாம் இன்னைக்குத் தேதியில சுத்தமா ஏறிடும்."

"முதலாவதுல என்ன குறை?"

"பழைய தேதியோட ஊருக்கே காட்டும். எழுதினவங்க எல்லாருக்கும், 'உங்க புகார் இத்தனை நாளா நிக்குது'ன்னு மெயில் வேற போடும். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கணுமா?"

இன்றைய தேதி. ஒருவருக்கும் தெரியாது. தபால்காரருக்கும் மெயில் போகாது; பதில் வராமல்போகுமோ என்று நடுங்கவும் வேண்டாம்.

"தம்பி, ஒண்ணு உடனே சரி பண்ணணும். சீட்டுல 2.5ஐ இருபத்தஞ்சுன்னு படிக்குது."

"ஐயோ. மாத்திரை அளவா? எப்ப வந்துச்சுக்கா?"

"பதினாலு மாசம். நான்தான் தூக்கி ஓரமா வெச்சேன்." "முதலாவதையே எடு."

அன்று மாலைக்குள் தாடி பிழையைத் திருத்தினான். கருவி மெயில்களை அனுப்பியது. இரண்டு நாள் அவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். மூன்றாம் நாள் தபால்காரரின் முகவரியிலிருந்து பதில். திறக்குமுன் கடை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவர் மகள். அப்பா இருக்கிறார். நீங்கள் பதில் போடாததால் அந்த மென்பொருளை அப்போதே நீக்கிவிட்டார். தனியாக இருக்கப் பயந்து இப்போது என்னோடு வந்துவிட்டார். சீட்டை நான்தான் படிக்கிறேன். மூன்று முறை படிக்கச் சொல்கிறார். அப்போதும் நம்புவதில்லை."

'அப்பா இருக்கிறார்' என்ற இடத்தில் வந்த மூச்சு, கடைசி வரியில் மறுபடி நின்றுபோனது. மன்னிப்புக் கேட்டு எழுதினாள். மகளின் கடிதத்தை அந்தப் பதிவின் கீழே, எல்லோரும் பார்க்கும்படி சேர்த்தாள்.

பதில் போகாத மெயில்கள் இன்னும் முப்பத்தெட்டு. அடுத்த வரியின் மேல் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு திறந்தாள்.